அருந்ததியும் ஒரு கதிரையும்

மகன்,

இதை உனக்கு வாசித்துக் காட்டப் போவது உன் கைத்தொலைபேசிக்குள் இருக்கிற அந்தப் பெண். அவளுடைய தமிழை நீ ஒருமுறை எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாய். மரண அறிவித்தலையும் மீன்குழம்பு வைக்கிற முறையையும் ஒரே குரலில் வாசிப்பாள். இந்த முறை எனக்கு அவள்தான் வேண்டும். நானே குரலில் பதிந்து அனுப்பினால் நீ சொல்லைக் கேட்கமாட்டாய், குரலைத்தான் கேட்பாய். அம்மா கோபத்தில் தொடங்குகிறா, இப்போது மூச்சு வாங்குகிறா, இனி அழப்போகிறா என்று நான் முடிக்க முதலே கண்டுபிடித்து, "சரி சரி அம்மா, விடுங்கோ" என்று என்னை ஆற்றிவிடுவாய். சின்ன வயதில் இருந்தே உன்னோடு ஒழுங்காக ஒரு கோபம் கோபிக்க எனக்கு வாய்த்ததில்லை. அதனால்தான் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். அந்தப் பெண்ணை நீ எப்படியும் ஆற்ற முடியாது. இருந்து முழுவதையும் கேள்.

எனக்கு உன் மேல் கோபம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு மூத்தவர் என்ற ஒரே காரணத்தால் நம் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்பவர் அவர் என்பது உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு மண்டபத்தைப் பார்த்துவிட்டு, ஐயரோடும் கதைத்துவிட்டு வந்தாராம். தேத்தண்ணியைக் கையில் வாங்கியவுடனே தொடங்கினார். "எல்லாம் முறைப்படி செய்வம் பிள்ளை. தாலி கட்டினாப்பிறகு அக்கினியைச் சுத்தி வரேக்க நான் தம்பியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாறன். அம்மி மிதிக்கிறதிலயும் பிரச்சினை இல்லை. அந்த அருந்ததி காட்டுறதை மட்டும் விட்டுடுவம். அதுக்கு வாசலுக்குப் போகவேணும், படி இறங்கவேணும். பிறகு 'பொம்பிளைக்கு நட்சத்திரத்தைக் காட்டுங்கோ' எண்டு ஐயர் சொல்லுற நேரம் சபையில இருக்கிற சனத்துக்கு ஒரு மாதிரியாப் போயிடும். அந்த நேரம் தம்பிக்கு ஒரு கதிரையைப் போட்டு இருத்திவிட்டால், நேராய் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கத் தொடங்கலாம்."

நான் கையில் வைத்திருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். வைக்காமல் கதைத்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். "அவனுக்கு ஏன் கதிரை? கால் இல்லையோ?" என்று கேட்டேன். அவர் ஆறுதலாக ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார், "நான் சொன்னதை விடு. தம்பியே ஓம் எண்டிட்டார். கேட்டுத்தான் செய்யிறன்." அன்று பின்னேரம் உனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "அது சின்ன விசயம் அம்மா. ஆக்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. எனக்கு ஒண்டும் இல்லை." உனக்கு ஒன்றும் இல்லை என்றால் எனக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று நினைத்தாயாக்கும்.

அந்தச் சடங்கு என்ன என்று நீ யோசித்துப் பார்த்திருக்கிறாயா? நட்ட நடுப் பகலில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாசலுக்கு வருவார்கள். அவன் ஆகாயத்தை நோக்கிக் கையை நீட்டி, அதோ அருந்ததி என்று காட்டுவான். அவள் ஓம் என்று தலையாட்டுவாள். திருகோணமலை வெயிலில் ஆகாயத்தை நிமிர்ந்து பார்க்கவே கண் கூசும், அதில் நட்சத்திரம் எங்கே தெரியும்? எங்கள் கலியாணத்தில் உன் அப்பா கையை நீட்டிய பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பமும் அதில் ஒரு காகமும் இருந்தன. "தெரியுதோ?" என்றார். "ஓம், தெரியுது" என்றேன். பிறகு வீட்டுக்கு வந்து, எதைக் காட்டினீங்கள் என்று கேட்டதற்கு, "ஐயர் காட்டின பக்கம் காட்டினனான். எனக்கென்ன தெரியும்?" என்றார். இவ்வளவு காலம் அந்தக் காகத்தோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். இந்த ஊரில் கண் தெரிகிற ஒருவரும் அருந்ததியைக் கண்டு கலியாணம் செய்யவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் வாசலில் நிற்கிற எல்லோரும் உன்னைப் போலத்தான் நிற்கிறார்கள். எல்லாச் சடங்கையும் விட்டுவிட்டு அதைப் போய் உனக்கு ஏலாது என்று தள்ளி வைக்கிறார்கள், நீயும் தலையை ஆட்டுகிறாய். இதை நினைக்க நினைக்க எனக்கு எரிகிறது.

எரிச்சல் அந்தக் கதிரையால்தான் கூடுகிறது. நீ பிறந்ததில் இருந்து எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் யாரோ ஒருவர் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்துவிடுவார். கோயிலில், செத்த வீட்டில், பள்ளிக்கூடத்தில், ஆசுபத்திரியில், எங்கும் "தம்பிக்கு ஒரு கதிரை போடுங்கோ" என்ற குரல் எனக்கு முன்னே போய் நிற்கும். அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. உன்னை ஒரு இடத்தில் இருத்திவிட்டால் பிறகு உன்னைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். நானும் எத்தனையோ தரம் களைத்துப் போய், சந்தைக்குள் உன்னை இழுத்துத் திரிய ஏலாமல், தெரிந்த கடையில் இருத்திவிட்டுப் போயிருக்கிறேன். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. மரக்கறி வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் நீ அப்படி இருந்து பழகுகிற பிள்ளையாக இருக்கவில்லை. டச்சுக்குடாக் கரையில் நடந்த அந்தச் சித்திரை வருசப் பிறப்பு விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பார். எல்லாப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள், உனக்கு வழமைபோல நிழலில் ஒரு கதிரை. சங்கீதக் கதிரை தொடங்குகிற நேரம் பார்த்து அவர்களுடைய பாட்டுப் பெட்டி பழுதாகிப் போயிற்று. யாரோ உன்னைப் பாடச் சொன்னார்கள். உன்னுடைய கதிரையையும் எடுத்து வட்டத்தில் போட்டுவிட்டார்கள். நீ நடுவில் நின்று பாடத் தொடங்கினாய். முதலில் ஒழுங்காகத்தான் பாடினாய். பெரியவர்களுடைய சுற்று வந்ததும் உனக்குக் குசும்பு பிடித்துக்கொண்டது. நிறுத்துவது போல இழுப்பாய், எல்லோரும் கதிரையைத் தொடுவார்கள், நீ மறுபடியும் தூக்கிக்கொண்டு போவாய். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உன்னைச் சுற்றி ஓடிக் களைத்தார்கள். பிறகு ஒரு சொல்லின் நடுவில் பாட்டை முறித்தாய். பெரியப்பா கதிரை இருக்கிறது என்று நினைத்து மண்ணில் இருந்தார். அந்தச் சத்தத்தை வைத்தே விழுந்தது யார் என்று கண்டுபிடித்து நீ சிரித்த சிரிப்பு இன்றும் எனக்குக் கேட்கிறது. அன்று அந்தத் திடலில் கதிரை வேண்டாதவன் நீ ஒருவன்தான்.

பிறகு நிலாவெளி ஹோட்டல். வெள்ளைக்காரர் சாப்பிடுகிற நேரத்தில் நீ கீபோர்டு வாசித்துப் பாடவேண்டும். அங்கேயும் நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை, ஒரு கதிரை. வேலை கிடைத்ததே பெரிது என்று நானும் அப்பாவும் இருந்தோம். அந்த இத்தாலிய அம்மா விடுமுறைக்கு வந்தவ. தன் ஊரில் பாட்டுப் படிப்பித்து ஓய்வு பெற்றவவாம். உன் பாட்டைக் கேட்டுவிட்டு எழும்பி வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் உன் தோளைப் பிடித்து நிறுத்தி, கதிரையைக் காலால் தள்ளிவிட்டா என்று நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு அவவோடு சண்டைக்குப் போகவேண்டும் போல இருந்தது. நீயோ, "நிண்டு பாடினால் சத்தம் வயித்தில இருந்து வருது அம்மா, கேளுங்கோ" என்று குசினிக்குள் நின்று ஒரு சத்தம் வைத்தாய். அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் அதிர்ந்தன. வெளியே மதிலோரம் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்ற, நம் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரிகிற மான்கள் பஸ் நிலையம் வரைக்கும் ஓடின என்று அப்பா இன்றைக்கும் சொல்லுவார். அவ ஊருக்குத் திரும்பிப் போயும் உன்னை விடவில்லை. பதிந்து அனுப்பு என்றா, அனுப்பினாய். இங்கே வந்து சங்கீதக் கல்லூரிப் பரீட்சைக்குப் பாடு என்றா, போனாய்.

போன பிறகு நீ பட்ட பாட்டை நீ சொல்லி நான் அறிந்தது கொஞ்சம். இத்தாலியில் பலெர்மோவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி சொல்லி அறிந்ததுதான் கூட. பகலில் சங்கீதக் கல்லூரி, மற்ற நேரம் அவனுடைய சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிப்பு. விரலால் தடவி வாசிக்கிற இசைப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக. அந்த மொழியைப் படித்து, பிறகு பாட்டுக்காக இன்னும் இரண்டொரு மொழியையும் வாய்க்குள் போட்டு மென்றாய். ஓபெரா என்றால் என்ன என்று ஊரில் கேட்டவர்களுக்கு எங்கள் கூத்து மாதிரித்தான், கதை முழுவதையும் பாட்டிலேயே சொல்லுவார்கள் என்று சொல்லி வைத்தேன். முதன்முதலில் நீ அனுப்பியதைக் கேட்டபோது, பிள்ளையை யாரோ அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இப்போதும் எல்லாம் பிடிக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாட்டின் முடிவில் நீ சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து நூல் போல இழுத்து நிறுத்துகிற இடத்தில், நான் மெசினை மிதிக்காமல் நிற்பேன்.

அங்கேயும் கதிரை உன்னை விடவில்லை, இல்லையா? குரல் நல்லது, கச்சேரிக்கு வா, பியானோவுக்குப் பக்கத்தில் இருந்து பாடு, மேடையில் நடித்துப் பாடுவது உனக்குச் சரிவராது என்று எத்தனை பேர் சொன்னார்கள். சுவரொட்டியில் உன் பெயருக்கு முதல், பெயரைவிடப் பெரிதாக, கண் தெரியாத பாடகர் என்று அடித்தார்கள். "என்ர கண்ணையோ கேக்க வருகினம்?" என்று நீ கத்தினாய். கச்சேரிகளைத் தள்ளிவிட்டு நாடக மேடைக்கே குரல் காட்டித் திரிந்தாய். ஒத்திகை ஒன்றில் மேடைப் படியால் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதை என்னிடம் மறைத்தாய். பலெர்மோத் தம்பி வாய் தவறி உளறியதும், போதும் வீட்டுக்கு வா என்று நான் தொலைபேசியில் கூச்சல் போட்டேன். அப்போது நீ சொன்னாய், "கதிரையில இருந்தால் விழ ஏலாதுதான் அம்மா. ஆனால் வேற ஒண்டும் செய்யவும் ஏலாது." அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் உன்னை வா என்று கூப்பிட்டதே இல்லை. அப்படிச் சொல்லி என் வாயை அடைத்தவன்தான் இன்று பெரியப்பாவுக்கு ஓம் சொல்லியிருக்கிறான்.

ஒரு நெறியாளருக்குக் கடைசியில் புத்தி வந்தது. மேடைத் துணிக்கு அடியில் மெல்லிய கயிறு பதித்து, எங்கே திரும்புவது, எங்கே நிற்பது, எங்கே மேடை முடிகிறது என்று உன் காலுக்குச் சொல்லிவைத்தார். கயிறு காலில் உறைக்கவேண்டும் என்று உன் சப்பாத்தின் தடித்த அடியைக் கழற்றி, மெல்லிய தோல் வைத்துத் தைத்தவள் அந்த நாடகசாலையில் உடுப்புத் தைக்கிற கியாரா. உடுப்பின் முன்பக்கம் எது என்று உன் விரலுக்குத் தெரிய உள்ளே ஒரு முடிச்சும் போட்டிருந்தாள். நான் உன் பள்ளிக்கூடச் சட்டைக்குள் போட்டுவிட்ட அதே முடிச்சு. அதை நீ சொன்ன அன்றே, இது எங்கே போய் முடியும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அந்த நாடகத்தை அவள்தான் படம் பிடித்து அனுப்பினாள். கிழிந்த கோட்டும் போட்டுக்கொண்டு நீ ஒரு பெட்டையின் ஜன்னலுக்குக் கீழே நடந்து வருகிறாய். நிமிர்ந்து நிலவைக் காட்டி, அவளைப் பார்க்கச் சொல்லிப் பாடுகிறாய். கூடத்தில் இருந்த சனம் முழுவதும் நீ கை காட்டிய பக்கம் அண்ணாந்தது. நான் இங்கே குசினிக் கதிரையில் இருந்து அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ஓடுதான் தெரிந்தது. அந்த நிலவை எப்படிச் செய்தார்கள் என்று உன்னிடம் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாய். "அங்க நிலவே இல்லை அம்மா. லைற்றும் கயிறும்தான் தொங்குதாம். நான் பாத்தன், அதால அவையும் பாத்தவை."

ஊர் பேர் தெரியாத அவ்வளவு சனத்துக்கும் இல்லாத நிலவைக் காட்டத் தெரிந்த உனக்கு, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு ஒரு நட்சத்திரத்தைக் காட்ட முடியாதா? அங்கே சிங்கம் மாதிரி நிற்கிறாய். விமானம் கட்டுநாயக்காவில் இறங்கினதும் உனக்கு என்ன நடக்கிறது? சொந்தக்காரர் முன்னால் தோள் சுருங்கிவிடுகிறது, குரல் தாழ்ந்துவிடுகிறது, யார் கையைப் பிடித்தாலும் அவர்களோடு போகிறாய். அவர்கள் பாவம் என்று சொல்ல முதல் நீயே ஒதுங்கி இடம் கொடுக்கிறாய். அந்நியர் தந்த கதிரையைத் தள்ளிவிட்டவனுக்கு, சொந்தக்காரர் தருவதைத் தள்ள மனம் வரவில்லை. அது மரியாதை என்று நீ நினைக்கிறாய். எனக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை. நீ எங்களிடம் ஒன்றையும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாய் போல எனக்குப் படுகிறது. அதுதான் என்னை நோகச் செய்கிறது.

இதையெல்லாம் மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன், எழுதியிருக்கமாட்டேன். முந்தநாள் கியாரா வீடியோவில் வந்தாள். கூறைச்சேலையை எப்படி உடுப்பது என்று ஒத்திகை பார்க்கத்தான் எடுத்தாள். கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பலெர்மோவில் படித்த தமிழில் கேட்டாள். "மாமி, அருந்ததி எந்தப் பக்கம்? அவர் எனக்குக் காட்டுவார்தானே? நான் என்ர அம்மாவுக்கும் சொல்லிட்டன்." அங்கே நம் ஆட்களின் கலியாணம் ஒன்றில் பார்த்திருக்கிறாளாம். எல்லாச் சடங்கிலும் அதுதான் தனக்கு விருப்பமாம். அவளுடைய தாய் அதைப் பார்க்கவென்றே வாசல் பக்கத்தில் இடம் பிடிக்கப் போகிறாவாம். நான் என்ன சொல்ல? உன் மாப்பிள்ளையை அந்த நேரம் கதிரையில் இருத்தப் போகிறார்கள் என்றா? கொசுவம் சரியில்லை பிள்ளை, திரும்பக் கட்டு என்று சொல்லி முகத்தை மறைத்துக்கொண்டேன். உனக்கு அது சின்ன விசயம் என்று சொன்னாயே. அவளிடம் கேட்டாயா? பெரியப்பாவுக்குச் சங்கடம், சபைக்குச் சங்கடம், ஐயருக்குச் சங்கடம் என்று எல்லோருடைய முகத்தையும் பார்த்தாய். நீ காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டு நிற்கிறவள் அவள் ஒருத்தி. அவளை மட்டும் மறந்துபோனாய்.

நேற்றுப் பெரியப்பா வீட்டுக்கு நானே போனேன். சண்டை பிடிப்பேன் என்று பயந்து அப்பாவும் பின்னால் வந்தார். நான் சண்டை பிடிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் சொன்ன அந்தக் கதிரையைக் கட்டாயம் கொண்டு வாருங்கோ. நல்ல கை வைச்ச கதிரையாப் பாருங்கோ" என்றேன். அவருக்குச் சந்தோசம். "பாத்தியே, இப்பத்தான் உனக்கு விளங்குது" என்றார். "ஓம் அண்ணை. எனக்கு முழங்கால் நோ. வாசலில கனநேரம் நிக்க ஏலாது. நான் அதில இருந்துதான் பாக்கப்போறன்" என்றேன். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தபடியே இருந்தார். நீ அன்றைக்குக் கரையில் பாட்டை முறித்தபோது அவர் முகம் இருந்தது போலவே இருந்தது.

இனி உன்னுடைய முறை. அவருக்கு எடுத்து, உன் வாயாலேயே சொல்லு. நான் சொன்னால் அது அம்மாவின் பிடிவாதம் என்று போய்விடும். கலியாண நாளன்று அம்மி மிதித்து முடிந்ததும் உன் கையைக் கியாரா பிடிக்கட்டும், வேறு ஒருவரும் வேண்டாம். வாசல் படி உயரம் குறைந்த படிதான், நான் போய் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லித்தரமாட்டேன், அவளோடு முதல் நாளே போய் உன் காலால் பழகிக்கொள். எந்தப் பக்கம் காட்டுவது என்று ஐயரைக் கேளாதே, அவருக்கும் தெரியாது. உனக்கு மனம் வந்த பக்கம் கையை நீட்டு. மேடையில் நீட்டியது போல முழுக் கையையும் நீட்டு. சனம் உன்னைப் பார்க்கும் என்று பயப்படாதே, நீ கையைத் தூக்கினால் உன்னை ஒருவரும் பார்க்கமாட்டார்கள், அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெரியப்பாவும் அண்ணாந்து பார்ப்பார். பார்க்கிறாரா இல்லையா என்று அப்பா கவனித்து எனக்குச் சொல்லுவார், ஏனென்றால் எனக்கு அந்த நேரம் அவரைப் பார்க்க நேரம் இருக்காது. நீ அவளிடம் தெரியுதோ என்று கேட்கிற நேரம், பின்னால் கதிரையில் இருந்து ஒரு குரல் அவளுக்கு முதலே பதில் சொல்லும். அதைக் கேட்டால் யார் என்று உனக்குத் தெரியும். அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார், ராசா.

அம்மா